'எஃப்டிஏ அப்ரூவ்டு' பல்செட் பட்டன்... அந்த முத்திரைக்கு உண்மையில் என்ன அர்த்தம்?

"ஆடாத, கழலாத பல்செட். எஃப்டிஏ அப்ரூவ்டு இம்ப்ளாண்ட்." பல் மருத்துவ விளம்பரங்களில் இந்த மாதிரி வரிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பல் முழுக்க விழுந்துபோன அப்பாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால், படித்ததும் ஒரு நம்பிக்கை வரும். அமெரிக்க அரசே பார்த்து சரின்னு சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன?

ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்குள் நாம் நினைப்பதைவிடக் குறைவான விஷயம்தான் இருக்கிறது. பல்செட்டை இம்ப்ளாண்ட்டோடு இணைக்கும் 'பட்டன்' போன்ற பாகங்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது ஒப்புதல் அல்ல, விற்பதற்கான அனுமதி. அதை 'ஒப்புதல்' போலக் காட்டுவது தவறு என்று அமெரிக்க விதியே சொல்கிறது.

அப்படியானால் அங்கே எதைச் சோதிக்கிறார்கள்? எதைச் சோதிப்பதில்லை? இந்தியாவில் யார் பார்க்கிறார்கள்? பணம் கட்டுவதற்கு முன் நாம் என்ன கேட்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பல்செட்டில் பட்டனா? அது என்ன?

சாதாரண பல்செட் ஈறின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். மேல்தாடையில் அண்ணம் முழுக்கப் பரவி ஒட்டிக்கொள்ள இடம் இருப்பதால் ஓரளவு பிடித்துக்கொள்ளும். கீழ்த்தாடையில் அந்த வசதி கிடையாது. நடுவில் நாக்கு அசைந்துகொண்டே இருக்கும். பல் போன பிறகு தாடை எலும்பும் ஆண்டுக்கு ஆண்டு தேயும். அதனால்தான் கீழ்ப் பல்செட் பேசும்போது எழும்புகிறது, சாப்பிடும்போது நகர்கிறது. பல பேர் அதைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு ரசம் சாதத்தோடு காலத்தை ஓட்டுவதற்கும் இதுதான் காரணம்.

இதற்கு ஒரு தீர்வு, தாடை எலும்புக்குள் டைட்டானியம் இம்ப்ளாண்ட்களைப் பதித்து, பல்செட்டை அவற்றின் மேல் மாட்டுவது. இம்ப்ளாண்ட் என்பது பார்ப்பதற்கு ஒரு சின்ன திருகாணி மாதிரி இருக்கும். எலும்பு அதோடு சேர்ந்து வளர்ந்து பிடித்துக்கொள்ளும்.

பல்செட்டையும் இம்ப்ளாண்ட்டையும் இணைப்பதுதான் அட்டாச்மென்ட். நம்ம ஊர் டிச் பட்டனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதி இம்ப்ளாண்ட்டின் தலையில் திருகப்பட்டிருக்கும். இன்னொரு பாதி பல்செட்டின் அடியில் பதிந்திருக்கும். வைத்து அழுத்தினால் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். இரவில் இழுத்துக் கழற்றிக் கழுவி வைக்கலாம்.

இதில் சில வகைகள் உண்டு. உருண்டைத் தலையில் ரப்பர் வளையம் மாட்டுவது ஒன்று. இரண்டு இம்ப்ளாண்ட்களுக்கு நடுவில் உலோகக் கம்பி வைத்து, அதில் கிளிப் மாட்டுவது இன்னொன்று. காந்த வகையும் இருக்கிறது. இப்போது பரவலாகப் புழங்குவது உயரம் குறைந்த பட்டன் வகை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜெஸ்ட் நிறுவனத்தின் 'லொக்கேட்டர்' இதில் மிகவும் பெயர்பெற்றது. வேறு கம்பெனி பொருளைக்கூட சிலர் 'லொக்கேட்டர்' என்றே சொல்வதைக் கேட்கலாம்.

2002-ம் ஆண்டு கனடாவின் மான்ட்ரியல் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு இரண்டு இம்ப்ளாண்ட் மேல் மாட்டும் பல்செட்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார்கள். 2009-ல் பிரிட்டனின் யார்க் நகரில் வெளியான அறிக்கையும் அதே திசையில்தான் பேசியது. ஆக, சிகிச்சை முறை மேல் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. கேள்வி, அந்த முறையில் பயன்படும் குறிப்பிட்ட பாகத்தைப் பற்றியது.

இவ்வளவு சின்ன பாகத்துக்கு எதற்கு அரசுக் கண்காணிப்பு?

பாகம் சில மில்லிமீட்டர்தான். ஆனால் அது இருக்கும் இடம் சாதாரண இடம் இல்லை. எச்சில், சூடு, குளிர், புளிப்பு எல்லாம் படும். ஒவ்வொரு கடிக்கும் அழுத்தம் வாங்கும். அந்த அழுத்தம் நேராக இறங்காது, சாய்வாகவும் இறங்கும்.

பட்டனின் திருகு தளர்ந்தால் பல்செட் ஆடும். இம்ப்ளாண்ட்டுக்கும் பட்டனுக்கும் நடுவில் நுண்ணிய இடைவெளி இருந்தால் அங்கே கிருமி சேரும், சுற்றியிருக்கும் ஈறு வீங்கும். திருகு உள்ளேயே முறிந்தால் அதை எடுப்பது பெரும்பாடு. சில நேரம் எலும்போடு சேர்ந்துவிட்ட இம்ப்ளாண்ட்டையே தோண்டி எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம். நோயாளி அறுபது, எழுபது வயதுக்காரராக இருந்தால், மறுபடி ஒரு அறுவை சிகிச்சை என்பது விளையாட்டு இல்லை.

அதனால்தான் இது கடையில் விற்கும் சாதாரணப் பொருளாக இல்லாமல், மருத்துவக் கருவியாகக் கணக்கில் வருகிறது.

அமெரிக்காவில் இது எந்த வகுப்பில் வருகிறது?

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அதாவது எஃப்டிஏ, மருத்துவக் கருவிகளை ஆபத்தின் அளவைப் பொறுத்து மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறது. முதல் வகுப்பு, ஆபத்து குறைவு. இரண்டாம் வகுப்பு, நடுத்தரம். மூன்றாம் வகுப்பு, அதிகம். இந்த ஏற்பாடு 1976-ல் வந்த சட்டத் திருத்தத்தில் தொடங்கியது.

எலும்புக்குள் வைக்கும் பல் இம்ப்ளாண்ட் ஒரு காலத்தில் மூன்றாம் வகுப்பில், அதாவது இதயக் கருவிகள் பலவும் இருக்கும் கண்டிப்பான வரிசையில் இருந்தது. அனுபவம் சேர்ந்த பிறகு, 2004 மே மாதம் பல்வேர் வடிவ இம்ப்ளாண்ட்டையும் அதன் மேல் மாட்டும் இணைப்புப் பாகத்தையும் எஃப்டிஏ இரண்டாம் வகுப்புக்கு இறக்கியது. கூடவே, என்னென்ன சோதனை விவரங்கள் தர வேண்டும் என்று ஒரு வழிகாட்டி ஆவணத்தையும் வெளியிட்டது.

இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. இம்ப்ளாண்ட் வருவதற்கு முன்பிருந்தே பல் மருத்துவத்தில் 'பிரிசிஷன் அட்டாச்மென்ட்' என்று ஒன்று உண்டு. பாதிப் பல்செட்டை இயற்கைப் பல்லோடோ, கிரவுனோடோ, பிரிட்ஜோடோ இணைக்கும் உலோகப் பூட்டு அது. அமெரிக்க விதியில் அது முதல் வகுப்பு. விற்பனைக்கு முன் தனியாக அனுமதி வாங்க வேண்டியதே இல்லை.

வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான், பல்செட்டைப் பிடித்து நிறுத்துவது. ஆனால் பல்லின் மேல் உட்கார்ந்தால் முதல் வகுப்பு, இம்ப்ளாண்ட்டின் மேல் உட்கார்ந்தால் இரண்டாம் வகுப்பு. பாகத்தின் அளவை வைத்து இது முடிவாவதில்லை. அது எதோடு சேர்கிறது, கெட்டுப்போனால் எவ்வளவு ஆழத்துக்குப் பாதிப்பு போகும் என்பதுதான் கணக்கு.

510(கே) என்றால் என்ன?

இரண்டாம் வகுப்புக் கருவிகள் பெரும்பாலும் '510(கே)' என்ற வழியில்தான் சந்தைக்கு வருகின்றன. அது அமெரிக்கச் சட்டத்தின் ஒரு பிரிவு எண், அவ்வளவுதான்.

இந்த வழியில் கம்பெனி நிரூபிக்க வேண்டியது ஒன்று: "ஏற்கெனவே சந்தையில் சட்டப்படி இருக்கும் இன்ன பொருளுக்கு எங்கள் பொருள் கணிசமான அளவு சமமானது." பயன்பாடு ஒன்றாக இருக்க வேண்டும். வடிவம், பொருள், தொழில்நுட்பம் ஒத்துப்போக வேண்டும். வித்தியாசம் இருந்தால், அதனால் பாதுகாப்பிலோ செயல்திறனிலோ புதிய பிரச்னை வராது என்று சோதனை விவரங்களோடு காட்ட வேண்டும். இந்த விண்ணப்பத்தை 90 நாள் கணக்கில் முடிப்பது எஃப்டிஏவின் இலக்கு. கம்பெனியிடம் விளக்கம் கேட்டுக் காத்திருக்கும் நாட்கள் இதில் சேராது.

எளிதாகச் சொன்னால், வகுப்புக்குப் புதிதாக வந்த பையனுக்குத் தனியாகப் பரீட்சை வைப்பதற்குப் பதில், "போன வருஷம் பாஸான அண்ணன் மாதிரிதானே படிக்கிறான்?" என்று பார்ப்பது. அந்த அண்ணனும் அவருக்கு முந்தைய அண்ணனோடு ஒப்பிடப்பட்டே பாஸாகியிருக்கலாம். இந்தச் சங்கிலி சில பொருட்களில் 1976-க்கு முன்பு சந்தையில் இருந்த கருவி வரைக்கும் பின்னால் போகும்.

மூன்றாம் வகுப்பு அப்படி இல்லை. அங்கே 'சந்தைக்கு முந்தைய ஒப்புதல்' வேண்டும். பெரும்பாலும் மனிதர்களிடம் நடத்திய ஆய்வு விவரங்களோடு, அந்தப் பொருள் தன் காலில் நின்று தன்னை நிரூபிக்க வேண்டும். 'அப்ரூவ்டு' என்ற வார்த்தை இதற்குத்தான் பொருந்தும். 510(கே) வழியில் வந்தவை 'கிளியர்டு', அதாவது விற்க அனுமதி பெற்றவை.

வெறும் வார்த்தை விளையாட்டுதானே என்று தோன்றலாம். ஆனால் அமெரிக்கக் கூட்டாட்சி விதித் தொகுப்பின் 807.97-ம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. 510(கே) அறிவிப்புக்கு உட்பட்டதால் ஒரு கருவிக்கு அரசின் அதிகாரபூர்வ ஒப்புதல் கிடைத்துவிட்டது போன்ற தோற்றத்தை ஏற்படுத்துவது, மக்களைத் தவறாக வழிநடத்துவதாகும் என்கிறது அந்த விதி. அதேபோல் எஃப்டிஏவில் பெயர் பதிவு செய்திருப்பதும் ஒப்புதல் ஆகாது. கருவிகளுக்கு 'பதிவுச் சான்றிதழ்' என்று எதையும் எஃப்டிஏ கொடுப்பதும் இல்லை. கழுகுப் படமும் தங்க முத்திரையுமாக அப்படி ஒரு சான்றிதழைச் சுவரில் பார்த்தால், அது அமெரிக்க அரசு கொடுத்தது கிடையாது.

இந்த 510(கே) முறை மேல் அமெரிக்காவிலேயே நீண்டநாள் விமர்சனம் உண்டு. 1996-ல் மெட்ரானிக் நிறுவனம் தொடர்பான ஒரு வழக்கில், இந்த நடைமுறையின் கவனம் சமத்துவத்தில்தான் இருக்கிறது, பாதுகாப்பில் இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. 2011-ல் அங்குள்ள மருத்துவ நிறுவனம் என்ற ஆலோசனை அமைப்பு, இந்த முறையையே மாற்றி வேறொன்றைக் கொண்டுவரலாம் என்று பரிந்துரைத்தது. மாற்றங்கள் சில வந்தன. ஆனால் 510(கே) இன்றும் தொடர்கிறது.

அப்படியானால் எதையுமே சோதிப்பதில்லையா?

அப்படிச் சொல்வதும் தவறு. இம்ப்ளாண்ட் மேல் மாட்டும் பட்டனுக்கான விண்ணப்பத்தில் பொதுவாக இந்த விவரங்கள் இருக்கும்:

1. உலோகம்: பெரும்பாலும் டைட்டானியம் கலவைதான். மேலே தேய்மானத்தைக் குறைக்கும் பூச்சு இருந்தால் அதன் விவரம். உள்ளே வைக்கும் நைலான் என்ன வகை என்ற விவரம்.

2. உடலோடு ஒத்துப்போகுமா: அந்தப் பொருள் செல்களுக்கு நஞ்சாகுமா என்பது போன்ற ஆய்வகச் சோதனைகள். ஐஎஸ்ஓ 10993 என்ற சர்வதேசத் தர வரிசை இதற்கு.

3. கிருமி நீக்கம்: பல பட்டன்கள் கிருமி நீக்காமல்தான் பாக்கெட்டில் வருகின்றன. மருத்துவர் ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று கம்பெனி எழுதியிருப்பது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று காட்ட வேண்டும்.

4. எம்ஆர்ஐ: ஸ்கேன் எடுக்கும்போது பாகம் சூடாகுமா, இழுபடுமா என்ற மதிப்பீடு. காந்த வகையில் இது முக்கியம். பல்செட்டில் உள்ள காந்தத்தைக் கழற்றி வைத்துவிடலாம். ஆனால் இம்ப்ளாண்ட் பக்கம் உள்ள இரும்புத் தன்மை கொண்ட பகுதி வாயிலேயே இருக்கும், ஸ்கேன் படத்தைக் கெடுக்கலாம்.

5. பொருத்தம்: எந்த இம்ப்ளாண்ட்டில் இந்தப் பட்டன் உட்காரும் என்ற பட்டியல், அளவுகளோடு.

6. களைப்புச் சோதனை: இதற்கு ஐஎஸ்ஓ 14801 என்ற தரம் இருக்கிறது. இது கொஞ்சம் விளக்கமாகவே பார்க்க வேண்டிய விஷயம்.

50 லட்சம் தடவை அழுத்தும் இயந்திரம்

ஒரு கம்பியை ஒரே தடவையில் உடைக்க முடியாது. ஆனால் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் பட்டென்று முறியும். உலோகத்தின் இந்தக் களைப்பைத்தான் ஐஎஸ்ஓ 14801 அளக்கிறது.

இம்ப்ளாண்ட்டைச் சாய்வாகப் பொருத்தி, வழக்கமாக 30 டிகிரி கோணத்தில் சுமை விழும்படி வைப்பார்கள். எலும்பு 3 மில்லிமீட்டர் தேய்ந்துபோன நிலைமையைக் காட்ட, அந்த அளவுக்கு இம்ப்ளாண்ட்டை வெளியே நீட்டி விடுவார்கள். பிறகு இயந்திரம் திரும்பத் திரும்ப அழுத்தும். உலர்ந்த நிலையில் 50 லட்சம் தடவை, திரவத்தில் மெதுவாக நடத்தினால் 20 லட்சம் தடவை. அத்தனைக்கும் உடையாமல் தாங்கும் அதிகபட்ச சுமை எவ்வளவு என்று குறிப்பார்கள்.

கேட்பதற்குப் பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தர ஆவணமே தன் எல்லையையும் சொல்கிறது. வெவ்வேறு வடிவ இம்ப்ளாண்ட்களை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இந்தச் சோதனை உதவும். மனித வாயில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்க இது பயன்படாது.

இன்னொன்றும் உண்டு. சாய்வு இல்லாத, உயரம் குறைந்த பட்டன்களில் வளைக்கும் விசை குறைவு. அதனால் இந்தச் சோதனையை நடத்தாமல், முன்பே அனுமதி பெற்ற பாகத்தோடு ஒப்பிட்டு விளக்கம் மட்டும் தரும் விண்ணப்பங்களும் இருக்கின்றன. விதிப்படி அது தப்பு இல்லை. ஆனால் 'எஃப்டிஏ' என்ற ஒரே வார்த்தைக்குப் பின்னால் எல்லாருக்கும் ஒரே சோதனை நடந்திருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்ளக் கூடாது.

பிடிமானம் எத்தனை நாள் வரும்?

நோயாளிக்கு உண்மையில் தெரிய வேண்டிய கேள்வி இதுதான். அனுமதி நடைமுறையில் இதற்குக் கிடைக்கும் இடம் குறைவு.

பட்டன் வகையில் பல்செட் பக்கம் ஒரு நைலான் துண்டு இருக்கும். அதுதான் பிடித்துக்கொள்கிறது. லொக்கேட்டரில் இது நிறம் நிறமாக வரும். நிறமற்றது சுமார் 2.3 கிலோ, இளஞ்சிவப்பு சுமார் 1.4 கிலோ, நீலம் சுமார் 0.7 கிலோ இழுவிசைக்குக் கழலும் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. கைவிரலில் வலு குறைந்த முதியவருக்கு நீலமே போதும் என்று மருத்துவர் முடிவெடுக்கலாம்.

இந்த நைலான் தேயும். தேய வேண்டும் என்றுதான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. உலோகம் தேய்வதற்குப் பதிலாக, மாற்றக்கூடிய மென்மையான பாகம் தேயட்டும் என்பது யோசனை. ஒரு நாளைக்கு மூன்று தடவை கழற்றி மாட்டினால் ஆண்டுக்கு 1,095 தடவை. ஐந்து ஆண்டில் ஐயாயிரத்தைத் தாண்டும். ஆய்வகத்தில் இப்படித் தொடர்ந்து கழற்றி மாட்டிப் பார்த்த பல ஆய்வுகளில், பிடிமானம் படிப்படியாகக் குறைவது தெரிந்திருக்கிறது.

இரண்டு இம்ப்ளாண்ட்களும் ஒன்றுக்கொன்று சாய்வாக இருந்தால் தேய்மானம் இன்னும் வேகமாகும். சொரசொரப்பான பற்பொடி போட்டுத் தேய்த்தாலும் அதே கதைதான். ஆக, பட்டன் பல்செட் என்பது போட்டுவிட்டு மறந்துவிடும் விஷயம் இல்லை. பைக்குக்கு சர்வீஸ் மாதிரி, இதற்கும் குறிப்பிட்ட இடைவெளியில் நைலான் மாற்றும் செலவு இருக்கிறது. எந்த அனுமதி முத்திரையும் இந்தச் செலவை உங்களுக்குச் சொல்லாது.

'கம்பாட்டிபிள்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள்

இம்ப்ளாண்ட் ஒரு கம்பெனி, அதன் மேல் மாட்டும் பட்டன் வேறு கம்பெனி. இது உலகம் முழுக்க நடப்பதுதான், சட்டவிரோதம் இல்லை. ஆனால் இம்ப்ளாண்ட்டின் உள்பக்கம் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு வேறு. அறுகோணம், கூம்பு, மூன்று பள்ளம் என்று பல வடிவங்கள். திருகின் மரை அளவும் மாறும்.

வெளிக் கம்பெனி பட்டன் செய்யும்போது, அசல் கம்பெனி தன் வரைபடத்தைக் கொடுக்காது. அதனால் கடையில் கிடைக்கும் அசல் இம்ப்ளாண்ட், அசல் இணைப்பு, அசல் திருகு எல்லாவற்றையும் வாங்கி நுணுக்கமாக அளந்து, அதிலிருந்து தன் அளவை முடிவு செய்யும். எஃப்டிஏ இந்த அளவு ஒப்பீட்டைக் கேட்கிறது. எந்தெந்த இம்ப்ளாண்ட், எந்தெந்த விட்டம் என்று அனுமதியில் பட்டியல் போடப்படும்.

முக்கியமான இடம் இதுதான். அனுமதி அந்தப் பட்டியலில் உள்ள ஜோடிக்கு மட்டும்தான். இம்ப்ளாண்ட்டுக்குத் தனியாக அனுமதி இருக்கலாம், பட்டனுக்கும் தனியாக இருக்கலாம். ஆனால் இரண்டும் சேர்ந்து பட்டியலில் இல்லை என்றால், உங்கள் வாயில் இருக்கும் அந்த ஜோடியை யாருமே மதிப்பிடவில்லை என்று அர்த்தம்.

இதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. ஒவ்வொரு 510(கே) அனுமதிக்கும் 'கே' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி ஆறு இலக்கம் கொண்ட எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் ஆண்டைக் குறிக்கும். எஃப்டிஏ இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால், என்ன சோதனை நடந்தது, எந்த இம்ப்ளாண்ட்டுக்குப் பொருந்தும் என்ற சுருக்கம் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும்.

விற்பனைக்கு வந்த பிறகு யார் பார்ப்பது?

அனுமதிக்கு முன் மனிதர்களிடம் ஆய்வு நடக்காத பொருள் என்றால், விற்பனைக்குப் பிந்தைய கண்காணிப்புதான் உண்மையான பரீட்சை. அமெரிக்காவில் கருவிகள் பழுதானால் கம்பெனி எஃப்டிஏவுக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பதிவுகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

ஆனால் இதிலும் ஒரு கதை இருந்தது. சில வகைக் கருவிகளின் கம்பெனிகள் புகார்களைச் சுருக்கமாக மொத்தமாகத் தரலாம் என்று எஃப்டிஏ பல ஆண்டுகளாக ஒரு தனி வழி வைத்திருந்தது. அந்தப் பதிவுகள் பொதுமக்கள் பார்க்கும் தளத்தில் வரவே இல்லை. 2019-ல் பத்திரிகையாளர்கள் இதை வெளிக்கொண்டு வந்த பிறகு, எஃப்டிஏ அந்த வழியை மூடி, பழைய பதிவுகளை வெளியிட்டது. அதில் லட்சக்கணக்கான பதிவுகள் பல் இம்ப்ளாண்ட் தொடர்பானவை.

பதிவு என்றாலே பெரிய பாதிப்பு என்று பயப்பட வேண்டாம். இம்ப்ளாண்ட் எலும்போடு சேரவில்லை என்பது மருத்துவத்தில் தெரிந்த ஒரு தோல்விதான். ஆனால் முடிவெடுக்க உதவும் தகவல் மக்கள் கண்ணில் படாமல் இருந்தது என்பதுதான் இங்கே விஷயம்.

இந்தியாவில் நிலைமை என்ன?

இங்கே மருத்துவக் கருவிகளுக்கான சட்டம், 2017-ம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகள். கருவிகளை ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரிக்கிறது. ஏ குறைந்த ஆபத்து, டி அதிக ஆபத்து. உள்நாட்டில் தயாரித்தால் ஏ, பி வகைக்கு மாநில அதிகாரி உரிமம் தருவார். சி, டி வகைக்கு மத்திய அமைப்பான சிடிஎஸ்சிஓ தரும். இறக்குமதி என்றால் மத்திய அமைப்பிடம்தான் போக வேண்டும்.

தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட சில கருவிகள் மட்டுமே இந்த வலைக்குள் இருந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்துக்குள் வந்தன. உரிமம் கட்டாயமானது ஏ, பி வகைக்கு 2022 அக்டோபரிலும், சி, டி வகைக்கு 2023 அக்டோபரிலும். அதாவது நம் நாட்டில் முழுமையான உரிம முறை வந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்டால், பதில் இந்த விதிகளிலேயே இருக்கிறது. அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், ஜப்பான், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் தடையின்றி விற்கலாம் என்ற சான்று ஒரு கருவிக்கு இருந்தால், இந்தியாவில் தனியாக மனித ஆய்வு நடத்தாமலேயே இறக்குமதி உரிமம் பெற முடியும். மற்ற ஆவணங்கள், தரச் சான்றுகள் எல்லாம் தேவைதான். ஆனால் அடிப்படை நம்பிக்கை அங்கிருந்து கடன் வாங்கியது. அங்கே ஒப்பிட்டுப் பார்த்து மட்டும் அனுமதித்த பொருள், இங்கே அந்த அனுமதியின் பலத்தில் உள்ளே வருகிறது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. எஃப்டிஏ அனுமதி இந்திய உரிமத்துக்கு மாற்று கிடையாது. இந்தியாவில் சட்டப்படி விற்க, இந்திய உரிமம் வேண்டும். இறக்குமதியான பாக்கெட்டில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, இறக்குமதி உரிம எண், தயாரிப்புத் தொகுதி எண் எல்லாம் இருக்க வேண்டும். விளம்பரத்தில் எஃப்டிஏ என்று பெரிதாகப் போட்டுவிட்டு, பாக்கெட்டில் இந்திய உரிம எண் இல்லை என்றால், கேள்வி கேட்க வேண்டிய இடம் அது.

பழுது, பாதிப்பு ஏற்பட்டால் பதிவு செய்ய 'மெட்டீரியோவிஜிலன்ஸ்' என்ற தேசியத் திட்டம் 2015 ஜூலை முதல் இருக்கிறது. காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்துத் தர ஆணையம் இதை ஒருங்கிணைக்கிறது. மருத்துவர் மட்டும் இல்லை, நோயாளியும் புகார் தரலாம். முறிந்த ஒரு பட்டன் திருகைப் பற்றி யார் போய் எழுதிக்கொண்டிருப்பார்கள் என்று நாம் விட்டுவிட்டால், அடுத்தவருக்கும் அதே திருகுதான் போகும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

* இம்ப்ளாண்ட் எந்த கம்பெனி, எந்த மாடல், எந்த விட்டம்? அதன் மேல் வரும் பட்டன் எந்த கம்பெனி?

* இரண்டும் வேறு கம்பெனி என்றால், இந்த ஜோடி பொருந்தும் என்று எந்த ஆவணத்தில் இருக்கிறது?

* இந்திய உரிம எண் என்ன? பாக்கெட்டைக் காட்ட முடியுமா?

* நைலான் துண்டை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், மாற்றச் செலவு எவ்வளவு, இன்னும் பத்து வருஷம் கழித்தும் கிடைக்குமா?

* எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வந்தால் என்ன செய்ய வேண்டும்?

* பாக்கெட்டில் உள்ள ஸ்டிக்கரை என் ஃபைலில் ஒட்டித் தருவீர்களா?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பல இம்ப்ளாண்ட் பாக்கெட்டுகளில் உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதிகளில், உடலுக்குள் வைக்கும் கருவிகளுக்கு நோயாளியிடம் ஓர் அட்டை தர வேண்டும் என்பது பொது விதி, சில சின்ன பாகங்களுக்கு மட்டும் விலக்கு. நம் ஊரில் அந்த ஸ்டிக்கர்தான் உங்கள் அட்டை. ஐந்து வருஷம் கழித்து வேறு ஊரில், வேறு மருத்துவரிடம் போனால், எக்ஸ்ரே மட்டும் பார்த்து எந்த மாடல் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். மாடல் தெரியாவிட்டால், சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய பாக மாற்றம் பெரிய வேலையாகிவிடும்.

ஆக, நம்பலாமா கூடாதா?

நம்பலாம், ஆனால் எதை நம்புகிறோம் என்று தெரிந்து நம்ப வேண்டும். எஃப்டிஏ அனுமதி என்பது, இந்தப் பாகம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் பாகத்துக்குச் சமமானது, உலோகம் சரியானது, சொன்ன இம்ப்ளாண்ட்டில் உட்காரும் என்பதற்கான உறுதி. அது ஒன்றுமில்லாத விஷயம் கிடையாது. எந்த அனுமதியும் இல்லாத, பெயர் தெரியாத பாகத்தைவிட எவ்வளவோ மேல்.

உங்கள் அம்மாவின் தாடையில் அது எத்தனை வருஷம் உழைக்கும் என்ற உறுதி அதில் இல்லை. அது எலும்பின் நிலை, இம்ப்ளாண்ட் வைத்த கோணம், மருத்துவரின் கைத்திறன், வீட்டில் சுத்தம் செய்யும் விதம், ஒழுங்காகப் பரிசோதனைக்குப் போவது ஆகியவற்றைப் பொறுத்தது. விளம்பரத்தில் இருக்கும் முத்திரை பாகத்துக்கு உரியது, சிகிச்சைக்கு உரியது இல்லை. அதனால் அடுத்த முறை 'எஃப்டிஏ அப்ரூவ்டு' என்று யாராவது சொன்னால், "எந்த பாகத்துக்கு, எந்த எண்?" என்று கேளுங்கள். விவரம் தெரிந்த மருத்துவர் அதற்குக் கோபப்பட மாட்டார், ஃபைலைத் திறந்து காட்டுவார்.